2,000 ரூபாய் பஃபே, பில்லில் 2,596 ரூபாய்: 'ஃபுல் கட்டு' கட்டினால் லாபம் உண்மையில் யாருக்கு?

பிறந்தநாள், திருமண நாள், மகனுக்கு வேலை கிடைத்தது, மகள் பிளஸ் டூவில் நல்ல மார்க்... நகரத்து நடுத்தரக் குடும்பங்களில் கொண்டாட்டம் என்றால் இப்போதெல்லாம் "ஒரு நாள் பஃபே போகலாமா?" என்ற கேள்வி தவறாமல் வந்துவிடுகிறது. கிறிஸ்துமஸ், புத்தாண்டு நெருங்கினால் போதும், '100 வகை உணவுகள்', '1+1 ஆஃபர்', 'அன்லிமிடெட்' என்று விளம்பரங்கள் வாட்ஸ்அப் வரை வந்து நிற்கின்றன.

ஒருவருக்கு 2,000 ரூபாய் என்றால் நான்கு பேருக்கு 8,000. ஆனால் சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வரும்போது பில்லில் 10,000-ஐத் தாண்டிய தொகை நிற்கலாம். பல வீடுகளில் அது ஒரு மாத மளிகைச் செலவு. எந்தெந்த வழியில் விலை ஏறுகிறது? "போட்ட காசை எடுக்கணும்" என்று வயிறு முட்டச் சாப்பிட்டால் காசு திரும்பி வருமா? ஒரு பஃபே கொடுத்த காசுக்கு மதிப்பானதா என்று எதை வைத்து முடிவு செய்வது? விரிவாகப் பார்க்கலாம்.

பஃபே எங்கிருந்து வந்தது?

பஃபே என்பது பிரெஞ்சுச் சொல். உணவும் பாத்திரங்களும் எடுத்து வைக்கப்படும் மேசைக்கு அங்கே அந்தப் பெயர். பல வகை உணவுகளை ஒரே மேசையில் பரப்பி, வேண்டியதை அவரவரே எடுத்துக்கொள்ளும் வழக்கத்துக்குப் பேர் போன நாடு ஸ்வீடன். அங்கே அதை 'ஸ்மோர்கஸ்போர்ட்' என்கிறார்கள்.

இதை வியாபார உத்தியாக மாற்றியது அமெரிக்காவின் சூதாட்ட நகரமான லாஸ் வேகாஸ். 1940களில் 'எல் ராஞ்சோ வேகாஸ்' ஓட்டலில் மலிவு விலை பஃபே தொடங்கப்பட்டது. சூதாட வந்தவர்கள் பசி வந்ததும் வெளியே போய்விடக் கூடாது என்பதுதான் நோக்கம். சாப்பாட்டில் லாபம் குறைந்தாலும் சூதாட்ட மேசையில் அதை எடுத்துவிடலாம் என்பது அவர்களின் கணக்கு. 1958-ல் டோக்கியோவின் இம்பீரியல் ஓட்டல் இதே பாணியை ஜப்பானுக்குக் கொண்டு வந்தது. அங்கே அதற்கு 'வைக்கிங்' என்று பெயர் வைத்தார்கள். இன்றும் ஜப்பானில் பஃபே என்றால் 'பைக்கிங்'தான்.

இந்தியாவில் நீண்ட காலம் நட்சத்திர ஓட்டல்களோடு நின்றிருந்த பஃபேயை, மேசையிலேயே அடுப்பு வைத்துக் கம்பியில் கோத்த கபாப் பரிமாறும் பார்பெக்யூ சங்கிலி உணவகங்கள் மால்களுக்கும் கடைத்தெருக்களுக்கும் கொண்டு வந்தன. அவற்றில் முன்னோடியான 'பார்பெக்யூ நேஷன்' 2006-ல் மும்பையில் தொடங்கப்பட்டது.

நம்ம ஊரு மீல்ஸும் பஃபேயும் ஒன்றா?

"அன்லிமிடெட் என்ன புதுசா? நம்ம ஊரு மெஸ்ஸுல காலம் காலமா இருக்கே" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அளவுச் சாப்பாடு, முழுச் சாப்பாடு என்ற இரண்டு விலைப் பலகை தமிழ்நாட்டு உணவகங்களில் பழகிய ஒன்று. முழுச் சாப்பாடும் 'ஒரே விலை, வேண்டிய அளவு' என்ற கணக்கில்தான் ஓடுகிறது.

ஆனால் இரண்டுக்கும் முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு. மீல்ஸில் கரண்டி பரிமாறுபவர் கையில் இருக்கிறது. சோறு, சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், மோர் என்ற வரிசையை உணவகம்தான் தீர்மானிக்கிறது. கூட்டு, பொரியலைக் கேட்டால்தான் இரண்டாவது முறை வரும். அப்பளம் பெரும்பாலும் ஒன்றுதான். விலை குறைந்த சோறும் குழம்பும் தாராளமாக வரும். கல்யாணப் பந்தியிலும் அப்படியே. இலையில் என்ன விழ வேண்டும், எப்போது விழ வேண்டும் என்பது பரிமாறுபவர் கையில்.

பஃபேயில் கரண்டி வாடிக்கையாளர் கைக்கு வந்துவிடுகிறது. அப்படியானால் கட்டுப்பாடும் அவரிடம்தானே இருக்கும் என்று தோன்றும். இங்கேதான் ஓட்டலின் திறமை வேலை செய்கிறது.

சரி, ஓட்டலுக்கு நஷ்டம் வராதா?

பஃபே வியாபாரம் ஒரு தனி வாடிக்கையாளரை நம்பி நடப்பதில்லை. சராசரியை நம்பி நடக்கிறது. ஒரு கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். ஒரு இரவில் 100 பேர் வருகிறார்கள், தலைக்கு 2,000 ரூபாய். வரவு 2 லட்சம். அதில் 10 பேர் வெளுத்துக் கட்டுகிறார்கள். அவர்கள் சாப்பிட்ட பொருட்களின் அடக்க விலை தலைக்கு 1,200 ரூபாய். 60 பேர் நடுத்தரமாக 600 ரூபாய்க்குச் சாப்பிடுகிறார்கள். மீதி 30 பேர் குழந்தைகள், முதியவர்கள், டயட்டில் இருப்பவர்கள். அவர்களுக்கு 350 ரூபாய்தான். மொத்த அடக்கம் 58,500 ரூபாய். சராசரி தலைக்கு 585.

அதாவது வெளுத்துக் கட்டிய அந்த 10 பேருமே ஓட்டலுக்கு நஷ்டம் வைக்கவில்லை. அவர்களால் குறைந்த லாபத்தையும் கொறித்துவிட்டு எழுந்த 30 பேர் ஈடுகட்டிவிட்டார்கள். உணவுப் பொருள் செலவு விற்பனை விலையில் சுமார் மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்பது உணவகத் தொழிலில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. மீதியில்தான் சம்பளம், வாடகை, மின்சாரம், கேஸ், ஏசி எல்லாம் அடக்கம்.

இன்னொரு லாபமும் உண்டு. மெனு கார்டு முறையில் ஒவ்வொரு ஆர்டரையும் தனித்தனியாகச் சமைக்க வேண்டும். பஃபேயில் மொத்தமாகச் சமைத்துவிடலாம். ஆர்டர் எடுக்கும், பரிமாறும் ஆட்கள் குறைவு. முன்பதிவை வைத்து எத்தனை கிலோ சிக்கன் வேண்டும் என்று முன்கூட்டியே ஓரளவு சொல்லிவிடலாம்.

மேசை அமைப்பிலும் கணக்கு இருக்கிறது. பல பஃபேக்களில் நுழைந்ததும் கண்ணில் படுவது சூப், சாலட், பிரெட், சாட் வகைகள். விலை குறைவு, வயிறு சீக்கிரம் நிரம்பும். இறால், மட்டன் போன்ற விலை அதிகமான அயிட்டங்கள் பெரும்பாலும் வரிசையின் கடைசியில், அல்லது சமையற்காரர் நின்று கையால் எடுத்து வைக்கும் லைவ் கவுண்டரில் இருக்கும். தட்டு கொஞ்சம் சிறியது. இனிப்புக் குளிர்பானம் வரவேற்பிலேயே கையில் வந்துவிடும். 90 நிமிடம், 2 மணி நேரம் என்று நேரக் கட்டுப்பாடும் பல இடங்களில் உண்டு.

இந்தக் கட்டுப்பாடுகள் தளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் சமீபத்திய உதாரணம் இருக்கிறது. 'ரெட் லாப்ஸ்டர்' என்ற கடல் உணவுச் சங்கிலி நிறுவனம், அவ்வப்போது கொடுத்து வந்த 'அன்லிமிடெட் இறால்' சலுகையை 2023-ல் 20 டாலருக்கு நிரந்தரமாக்கியது. கூட்டம் வந்தது, ஆனால் கணக்கு உதைத்தது. சுமார் 1.1 கோடி டாலர் இழப்புக்கு இந்தச் சலுகை காரணமாகச் சொல்லப்பட்டது. 2024 மே மாதம் அந்த நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரி விண்ணப்பித்தது. அதிக வாடகை உட்பட வேறு காரணங்களும் இருந்தன. ஆனாலும் சோறு, ரொட்டி, சாலட் என்று சராசரியைக் கீழே இழுக்க மற்ற உணவுகள் இல்லாமல், விலை உயர்ந்த ஒரே பொருளை அளவில்லாமல் கொடுத்தால் என்ன நடக்கும் என்று அது காட்டிவிட்டது.

"காசு கொடுத்தாச்சே!" - மனசு போடும் தப்புக் கணக்கு

பஃபே மேசையில் அடிக்கடி கேட்கும் வசனம்: "காசு கொடுத்தாச்சு, இன்னொரு ரவுண்டு போயிட்டு வா." பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்த மனநிலைதான் இது. திரும்பி வராத செலவை நினைத்து அடுத்த முடிவை எடுப்பதை 'மூழ்கிய செலவுத் தவறு' என்கிறார்கள்.

2017-ல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் தேலர், 1980-ல் வெளியான தன் கட்டுரையில் ஒரு சோதனையைக் குறிப்பிடுகிறார். 'ஒரே விலை, அளவில்லாத பீட்சா' கொடுக்கும் உணவகத்தில் சிலருக்கு மட்டும் சாப்பாடு இலவசம் ஆக்கப்பட்டது. காசு கொடுத்தவர்கள், இலவசமாகச் சாப்பிட்டவர்களைவிட அதிகம் சாப்பிட்டார்கள். பசி ஒன்றுதான், பீட்சாவும் ஒன்றுதான். கொடுத்த காசுதான் கூடுதல் துண்டுகளைச் சாப்பிட வைத்தது.

வகைகள் அதிகமானாலும் சாப்பாடு கூடுகிறது. அமெரிக்க ஊட்டச்சத்து ஆய்வாளர் பார்பரா ரோல்ஸும் சக ஆய்வாளர்களும் 1981-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரே வகை சாண்ட்விச் கொடுக்கப்பட்டபோது சாப்பிட்டதைவிட, நான்கு வகை கொடுக்கப்பட்டபோது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதிகம் சாப்பிட்டது தெரியவந்தது. ஒரு ருசி சலித்தாலும் அடுத்த ருசிக்கு ஆசை புதிதாக வருகிறது. பிரியாணி போதும் என்று கையை எடுத்தவருக்கு குலாப் ஜாமூனுக்கு மட்டும் இடம் கிடைப்பது இதனால்தான்.

நான்காவது தட்டு சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கொடுக்க வேண்டிய 2,000 ரூபாய் மாறப்போவதில்லை. அந்தத் தட்டால் சந்தோஷம் கூடினால் சாப்பிடலாம். அவஸ்தை கூடுமானால் அது லாபத்தில் சேராது. மறுநாள் மாத்திரைச் செலவுதான் சேரும்.

விளம்பரத்தில் ஒரு விலை, பில்லில் ஒரு விலை: எப்படி?

விளம்பரத்தில் விலைக்குப் பக்கத்தில் சின்னதாக இரண்டு கூட்டல் குறி இருக்கும். 'ப்ளஸ் ப்ளஸ்' என்று சொல்வார்கள். வரியும் சேவைக் கட்டணமும் தனி என்று பொருள். 'நெட்' அல்லது 'ஆல் இன்க்ளூசிவ்' என்றிருந்தால்தான் அது கடைசி விலை.

முதலில் ஜிஎஸ்டி. தனியாக இயங்கும் உணவகம், மாலில் இருக்கும் பார்பெக்யூ கடை போன்றவற்றில் 5 சதவீதம். ஏசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதுதான். ஆனால் பெரிய ஓட்டல்களுக்குள் இருக்கும் உணவகங்களுக்குக் கணக்கு வேறு. 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, முந்தைய நிதியாண்டில் எந்த ஒரு அறைக்காவது நாளொன்றுக்கு 7,500 ரூபாய்க்கு மேல் வாங்கியிருந்தால், அந்த ஓட்டலுக்குள் இருக்கும் உணவகத்துக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. தானாக முன்வந்து அறிவித்து இந்தப் பிரிவுக்கு மாறவும் ஓட்டல்களுக்கு வழி உண்டு. அதாவது ஓட்டலில் அறையே எடுக்காமல் சாப்பிட மட்டும் போகிறவரும், போன வருடம் யாரோ ஒருவர் தங்கிய அறையின் வாடகையால் கூடுதல் வரி கட்ட நேரலாம்.

அடுத்தது சேவைக் கட்டணம். வரி அரசுக்குப் போகும். சேவைக் கட்டணம் ஓட்டல் தானாகச் சேர்ப்பது. இதைத் தானியங்கியாக பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது, கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ல் வழிகாட்டு விதிகளை வெளியிட்டது. உணவகச் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றம் போயின. 2025 மார்ச் 28-ல் தனி நீதிபதி அந்த மனுக்களைத் தள்ளுபடி செய்து, விதிகள் செல்லும் என்று தீர்ப்பளித்தார். சங்கங்கள் தரப்பில் மேல்முறையீடும் செய்யப்பட்டது.

இப்போது கணக்கைப் பார்ப்போம். ஒருவருக்கு 2,000 ரூபாய் பஃபே:

5 சதவீத ஜிஎஸ்டி மட்டும் என்றால் 2,100 ரூபாய். நான்கு பேருக்கு 8,400.

18 சதவீத ஜிஎஸ்டி என்றால் 2,360 ரூபாய். நான்கு பேருக்கு 9,440.

10 சதவீத சேவைக் கட்டணத்தையும் சேர்த்து, அந்த மொத்தத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டி போட்டால் 2,596 ரூபாய். நான்கு பேருக்கு 10,384.

விளம்பரத்தில் பார்த்த 8,000-க்கும் இதற்கும் வித்தியாசம் 2,384 ரூபாய். விளம்பரத்தில் போட்ட ஒருவர் விலையைவிட அதிகம்! சேவைக் கட்டணத்தை உணவு பில்லோடு சேர்த்து மொத்தத்துக்கும் ஜிஎஸ்டி போடுவதையும் 2022 விதிகள் தடுக்கின்றன. அப்படி வந்தால் நீக்கித் தரச் சொல்லிக் கேட்கலாம். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். சேவை பிடித்திருந்தால் பரிமாறியவர் கையில் டிப்ஸ் கொடுப்பது வாடிக்கையாளர் விருப்பம்.

பாட்டில் தண்ணீரும் கவனிக்க வேண்டிய விஷயம். பல பஃபே விலைகளில் அது சேராது. ஓட்டல்கள், உணவகங்கள் பாட்டில் தண்ணீரை எம்ஆர்பி-க்கு மேல் விற்பதைத் தடுக்க முடியாது என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. உட்கார்ந்ததும் "மினரல் வாட்டரா, ரெகுலர் வாட்டரா?" என்று கேட்கும்போது சொல்லும் பதிலுக்கும் ஒரு விலை இருக்கிறது.

'100 வகை' என்றால் உண்மையில் எத்தனை?

விளம்பரத்தில் வரும் எண்ணிக்கையைப் பிரித்துப் பார்த்தால் சுவாரஸ்யமாக இருக்கும். ஊறுகாய் நான்கு, அப்பளம் இரண்டு, சாலட் பத்து, சாஸ் ஐந்து, பிரெட் ஆறு, ஐஸ்கிரீமும் அதன் மேல் தூவுவதும் எட்டு... இப்படியே 35 ஆகிவிடும். ஒரே ஸ்பான்ஜ் கேக்கை மூன்று நிற க்ரீமில் வைத்தால் அது மூன்று வகை. ஒரே கிரேவியில் ஒரு பாத்திரத்தில் பனீர், இன்னொன்றில் காளான் என்றால் இரண்டு வகை.

ஆக, எண்ணிக்கையை வைத்துத் தரத்தைச் சொல்ல முடியாது. உழைப்பும் பொருளும் எந்த அயிட்டத்தில் இருக்கின்றன என்று பார்ப்பதே சரியான அளவுகோல். தட்டை எடுப்பதற்கு முன் வெறுங்கையோடு ஒரு சுற்று வந்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

பாத்திரம் சின்னதாக இருந்து அடிக்கடி நிரப்பப்படுகிறதா? நல்ல அறிகுறி. பெரிய பாத்திரம் பாதி காலியாகி ஓரங்களில் கிரேவி காய்ந்து ஏடு கட்டியிருக்கிறதா? அது வெகு நேரமாக அங்கேயே இருக்கிறது. 

பிரியாணியில் அரிசி உதிரியாக, அடிப்பக்கமும் ஈரப்பதத்தோடு இருக்கிறதா, அல்லது மேலே காய்ந்து போய்விட்டதா? பொரித்த அயிட்டங்கள் மூடி போட்ட பாத்திரத்தில் நமத்துக் கிடக்கின்றனவா? வறுவல், பஜ்ஜி, ஃபிஷ் ஃபிங்கர் எல்லாம் மூடிக்குள் அரை மணி நேரம் தாங்காது.

தோசை, ஆப்பம், பாஸ்தா, தந்தூரி ரொட்டி போன்றவை லைவ் கவுண்டரில் அப்போதே செய்து தரப்படுகின்றனவா? பஃபேயின் மதிப்பு பெரும்பாலும் அங்கேதான். எளிய உணவுகளையும் பார்க்கலாம். ரசம், பருப்பு, தயிர் சாதம் மூன்றும் சுமாராக இருக்கும் சமையலறையில் பெயர் தெரியாத இத்தாலியப் பண்டம் மட்டும் பிரமாதமாக இருக்க வாய்ப்பு குறைவு.

சுவைக்கு முன் பாதுகாப்பு

பஃபேயில் உணவு வெகு நேரம் வெளியே இருப்பதால் வெப்பநிலை முக்கியம். 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பநிலையில் கிருமிகள் வேகமாகப் பெருகும். சமைத்த உணவை அறை வெப்பநிலையில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, சூடான உணவு 60 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

வாடிக்கையாளர் கையில் தெர்மாமீட்டர் இருக்காது. ஆனால் மூடியைத் திறந்தால் ஆவி வர வேண்டும். சூடு காக்கும் பாத்திரத்தின் அடியில் தீயோ வெந்நீரோ இருக்க வேண்டும். வெதுவெதுப்பாக இருக்கும் சிக்கன், மீன், முட்டை உணவுகளைத் தவிர்ப்பது நல்லது. மயோனைஸ் கலந்த சாலட், க்ரீம் இனிப்புகள், குளிர்ந்த கடல் உணவுகள் ஐஸ் மேலோ குளிர்ப்பெட்டியிலோ இருக்க வேண்டும். சைவம், அசைவத்துக்குக் கரண்டிகள் தனித்தனியா என்பதும் பார்க்க வேண்டியது. பஃபே திறந்த சிறிது நேரத்துக்குள் போவது, மூடும் நேரத்தில் போவதைவிட எப்போதும் பாதுகாப்பானது; சூடும் ருசியும் கூட.

உணவகம் உரிமம் பெற்றதா என்பதற்கு, பில்லில் எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் 14 இலக்க எண் இருக்கிறதா என்று பார்க்கலாம். உணவுத் தரம் பற்றிய புகாருக்கு அந்த எண் உதவும்.

யார் சாப்பாட்டுக்கு யார் காசு கொடுக்கிறார்கள்?

ஒரே விலை என்பது பார்க்க நியாயமாகத் தெரியும். ஆனால் மேலே பார்த்த கணக்கில், குறைவாகச் சாப்பிடுபவரின் காசுதான் அதிகம் சாப்பிடுபவரின் செலவைத் தாங்குகிறது. இது குடும்பத்துக்குள்ளேயும் நடக்கும். சர்க்கரை நோய் உள்ள தாத்தா இரண்டு இட்லி, கொஞ்சம் தயிர் சாதத்தோடு எழுந்துவிடுவார். பாட்டி அசைவம் தொட மாட்டார். எட்டு வயதுப் பேரன் ஃப்ரென்ச் ஃப்ரைஸும் ஐஸ்கிரீமும் சாப்பிட்டு முடித்துவிடுவான். கல்லூரியில் படிக்கும் மகன் மட்டும் ஐந்து ரவுண்டு போவான். நான்கு பேருக்கும் முழு விலை என்றால், மகன் 'எடுத்த' காசை மற்ற மூவரும் எப்போதோ விட்டிருப்பார்கள்.

பார்பெக்யூ உணவகங்கள் பலவற்றில் சைவத்துக்குத் தனி விலை உண்டு. நட்சத்திர ஓட்டல்கள் பலவற்றில் இரண்டுக்கும் ஒரே விலைதான். புரட்டாசியில் அசைவம் சாப்பிடாத குடும்பம் அந்த மாதத்தில் ஒரே விலை பஃபேக்குப் போனால், இறாலுக்கும் மட்டனுக்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்துவிட்டு பனீரோடு திரும்ப வேண்டியிருக்கும். குழந்தைகளுக்கான சலுகை சில இடங்களில் வயதை வைத்து, சில இடங்களில் உயரத்தை வைத்து. முன்பதிவு செய்யும்போதே இதைக் கேட்டுவிட வேண்டும்.

தட்டில் மீந்தது எங்கே போகிறது?

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கைப்படி, 2022-ல் மட்டும் உலகம் முழுக்க 105 கோடி டன் உணவு வீணானது. அதில் 60 சதவீதம் வீடுகளில். 28 சதவீதம் உணவகங்கள், கேட்டரிங் போன்ற உணவுச் சேவைகளில்.

பஃபேயில் வீணாவது இரண்டு வகை. ஒன்று, கடைசி வாடிக்கையாளர் வரும்வரை பாத்திரங்கள் நிறைந்திருக்க வேண்டும் என்பதால் மீந்து போவது. இன்னொன்று, தட்டில் எடுத்துவிட்டு விடுவது. முதல் வகையை, பாதுகாப்பாக வைக்கப்பட்டிருந்தால், பசித்தவர்களுக்குக் கொடுக்க முடியும். உபரி உணவை மீட்டுப் பகிர்வதற்கு எஃப்எஸ்எஸ்ஏஐ 2019-ல் தனி விதிமுறைகளே கொண்டு வந்தது. கோவையில் 2014-ல் தொடங்கிய 'நோ ஃபுட் வேஸ்ட்' போன்ற அமைப்புகள் கல்யாண மண்டபங்களில் மீந்த உணவை வாங்கிக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. ஆனால் எச்சில் தட்டில் மீந்ததை யாருக்கும் கொடுக்க முடியாது. அது நேராகக் குப்பைக்குத்தான்.

"எல்லாத்துலயும் கொஞ்சம் எடுத்துப் பார்ப்போம்" என்று ஆரம்பித்து அரைத் தட்டு மிச்சம் வைப்பவர்களை நினைத்துத்தான், வீணாக்கினால் கூடுதல் கட்டணம் என்று சில உணவகங்கள் பலகை வைக்கின்றன. பஃபேயில் பார்சலும் கிடையாது. வீணாகும் என்று முன்பே கணக்கிட்டுத்தான் ஓட்டல்கள் விலை வைக்கின்றன. ஆக, பக்கத்து மேசைக்காரர் மிச்சம் வைத்ததற்கும் எல்லோருமாகச் சேர்ந்துதான் காசு கொடுக்கிறார்கள்.

அப்போ, பஃபே எப்போது லாபம்?

சாப்பிட்ட பொருளின் அடக்க விலையை வைத்துப் பார்த்தால் வாடிக்கையாளர் ஜெயிப்பது ஏறக்குறைய நடக்காத காரியம். அது சரியான ஒப்பீடும் இல்லை. எந்த உணவகமும் அடக்க விலைக்கு விற்காது. அதே ஓட்டலில் மெனு கார்டு பார்த்து ஒரு சூப், ஒரு ஸ்டார்ட்டர், ஒரு பிரியாணி, ஒரு டெசர்ட் வாங்கினால் வரியோடு என்ன ஆகும் என்பதே நியாயமான ஒப்பீடு. பஃபே அதைவிடக் குறைவு என்றால் லாபம். அதிகம் என்றால், பல வகையை ருசி பார்க்கும் ஆசைக்குக் கொடுக்கும் கூடுதல் விலை அது. அந்த ஆசைக்கு அவ்வளவு தரலாமா என்பது அவரவர் முடிவு.

பெரிய குழுவாகப் போகும்போது, ஆளுக்கொரு விருப்பம் இருக்கும்போது, நிதானமாக இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டே சாப்பிட நினைக்கும்போது பஃபே பொருத்தமானது. வார நாள் மதிய பஃபே பொதுவாக ஞாயிறு மதியத்தைவிட, இரவைவிட விலை குறைவு. அயிட்டங்களில் பாதிக்கு மேல் ஒன்றாகவே இருக்கும். இரண்டு பேர் மட்டும், அதுவும் குறைவாகச் சாப்பிடுபவர்கள் என்றால் மெனு கார்டே மேல். பிரியாணிதான் வேண்டும் என்றால் அதற்குப் பேர் போன கடைக்குப் போய்விடலாம். நூறு அயிட்டம் செய்யும் சமையலறையைவிட, ஒன்றையே தினமும் செய்யும் கை அதில் தேறியிருக்கும்.

போகும் முன் போனில் நான்கு கேள்வி கேட்டால் போதும். வரியெல்லாம் சேர்த்து ஒருவருக்குக் கடைசி விலை என்ன? சேவைக் கட்டணம் சேர்க்கிறீர்களா? தண்ணீர், குளிர்பானம் விலையில் அடக்கமா? குழந்தைகளுக்கும் சைவத்துக்கும் தனி விலை உண்டா? இவற்றுக்குத் தெளிவான பதில் சொல்லாத இடத்தில், பில் வரும்போது தெளிவு கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.